ஆற்றின் அடியில் ரயில் ஓடுகிறது, நீரிணையின் அடியில் சாலை ஏன் இல்லை?

சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் மேக்ஸ்வெல் ரயில் நிலையம். 2022 நவம்பர் 13ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் வடக்கு நோக்கி ஏறுபவர், வேறு ரயில் மாறாமல் உட்லண்ட்ஸ் நார்த் வரை போகலாம். வழியில் ஹேவ்லாக் நிலையத்துக்கும் கிரேட் வோர்ல்டு நிலையத்துக்கும் இடையில் அந்த ரயில் சிங்கப்பூர் ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. தலைக்கு மேலே ஆறு போகிறது என்பதற்காக யாரும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

ஆனால் பாதையின் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் கதை மாறிவிடுகிறது. எதிரே ஜோகூர் நீரிணை. அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க, நெரிசல் நாளில் இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் சைனாடவுன் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. அதே வாரத்தில் உட்லண்ட்ஸில் வாகனம் நகர இடம் இருக்காது. பேருந்துக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் கேள்வி ஒன்று உண்டு. ஆற்றுக்கு அடியில் ரயில் விடத் தெரிந்த ஊருக்கு, கடலுக்கு அடியில் ஒரு சாலை போடத் தெரியாதா? சுரங்கம் வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா?

வெட்டத் தெரியும் என்பதுதான் முதல் பதில். சைனாடவுன் நிலையத்துக்கும் ஃபோர்ட் கேனிங் நிலையத்துக்கும் இடையே டௌன்டவுன் பாதையின் சுரங்கத்தைத் தோண்டியபோது, சிங்கப்பூர் ஆற்றையே சிறிது காலம் வேறு வழியில் திருப்பிவிட்டு வேலையை முடித்தார்கள். 2017 அக்டோபர் 21 முதல் அங்கே ரயில் ஓடுகிறது. சாலைக்கும் உதாரணம் உண்டு. 2013 டிசம்பர் 29ஆம் தேதி திறக்கப்பட்ட மரினா கோஸ்டல் விரைவுச்சாலையின் நீளம் 5 கிலோமீட்டர். அதில் 3.6 கிலோமீட்டர் சுரங்கம். அதிலும் 420 மீட்டர் கடற்படுகைக்கு அடியில் போகிறது. ஒரு திசைக்கு 5 தடங்கள். செலவு ஏறத்தாழ 430 கோடி வெள்ளி. கடலுக்குள் இரும்புத் தூண்களை நெருக்கமாக அடித்து அணை கட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து, தோண்டி, கூரை போட்டு, பிறகு கடலைப் பழையபடி அதன் இடத்துக்கு விட்டார்கள். ஆக, பணமும் பொறியியலும் தடை அல்ல.

இரண்டு நாடுகளின் இரண்டு நகரங்களை நீருக்கு அடியில் சாலையால் இணைத்த அனுபவமும் உலகத்துக்குப் புதிதல்ல. அதற்கு ஏறத்தாழ நூறு வயது ஆகப்போகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமும் கனடாவின் விண்ட்சர் நகரமும் டெட்ராய்ட் ஆற்றின் இரு கரைகளில் நிற்கின்றன. சிங்கப்பூரும் ஜோகூர் பாருவும் போல, ஒன்று பெரியது, மற்றது அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தது. அங்கே சுரங்கச் சாலை வேண்டும் என்ற முயற்சியைத் தூக்கிச் சுமந்தவர் ஃப்ரெட் மார்ட்டின் என்பவர். அவர் பொறியாளர் அல்ல. விண்ட்சரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்துவ அறப்பணி அமைப்பில் இருந்தவர். பணம் போட ஆள் தேடி டெட்ராய்ட் வங்கியாளர்களின் கதவைத் தட்டினார்.

கட்டிய முறைதான் சுவையானது. இரு கரைகளிலும் களிமண்ணைக் குடைந்துகொண்டு போனார்கள். நடு ஆற்றில் குடையவில்லை. ஆற்றின் தரையில் நீளமாக ஓர் அகழி தோண்டினார்கள். கரையில் 9 பெரிய இரும்புக் குழாய்களைச் செய்து, இரு முனைகளையும் அடைத்து, கப்பலைப் போல மிதக்கவிட்டு இழுத்து வந்தார்கள். சரியான இடத்தில் அவற்றை மூழ்கடித்து, அகழிக்குள் ஒன்றோடொன்று பொருத்தி, மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். குழாயை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து புதைக்கும் இந்த முறையைத்தான் இன்றும் உலகின் பல கடலடிச் சாலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 1930 நவம்பர் 1ஆம் தேதி அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு தங்கச் சாவியைத் திருப்பித் திறந்துவைத்தார். நவம்பர் 3 முதல் வாகனங்கள் ஓடின. நீளம் ஏறத்தாழ 1,570 மீட்டர். மிக ஆழமான இடம் ஆற்றின் நீர்மட்டத்திலிருந்து 23 மீட்டர் கீழே. தடங்கள் இரண்டே இரண்டு. போக ஒன்று, வர ஒன்று.

சுரங்கத்தில் சாலை என்றால் புகை. ரயிலுக்கு இந்தக் கவலை இல்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. 1930ஆம் ஆண்டின் மோட்டார் வாகனங்கள் கக்கிய புகை சுரங்கத்தில் தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். அதற்காக இரு கரைகளிலும் உயரமான காற்றோட்டக் கட்டடங்களை எழுப்பி, ராட்சத விசிறிகளால் உள்ளே புதுக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவற்றை அலுவலகக் கட்டடம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

அந்தச் சுரங்கம் இரு நகர மக்களின் அன்றாட வாழ்க்கையில் ஒட்டிக்கொண்டது. விண்ட்சரில் குடியிருக்கும் தாதியர் பலர் டெட்ராய்ட் மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். மாலையில் எதிர்க்கரையில் விளையாட்டுப் போட்டி பார்க்கப் போய்த் திரும்புபவர்கள் உண்டு. சுரங்கத்தின் வழியே இரு நகரங்களுக்கும் இடையே ஓடிய பேருந்துச் சேவை 2025ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. ஜோகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் சம்பாதிப்பவருக்கு இந்த வாழ்க்கை புரியும்.

சரி, அங்கே நெரிசல் இல்லையா? உண்டு. எப்போது வருகிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2001 செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க்கில் தாக்குதல் நடந்தது. அதற்கு மறுநாளும் டெட்ராய்ட் சுரங்கத்தின் அகலம் முந்தைய நாள் இருந்த அதே அகலம்தான். பக்கத்தில் 1929ல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலத்திலும் ஒரு தடம்கூடக் குறையவில்லை. ஆனால் சோதனை இறுகியது. ஒவ்வொரு வாகனத்தையும் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. எல்லைக்கு அப்பாலிருந்து உதிரிபாகம் வந்து சேராததால் கார்த் தொழிற்சாலைகளில் வேலை தடைபட்டது. 2020 மார்ச் மாதம் கொவிட்-19 காரணமாக அத்தியாவசியமில்லாத பயணம் தடை செய்யப்பட்டபோது, அதே சுரங்கம் ஏறத்தாழக் காலியாகக் கிடந்தது.

இதே 2020 மார்ச்சில் ஜோகூர் கடற்பாலத்தில் நடந்ததை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 18ஆம் தேதி முதல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. முந்தைய இரவு, பையில் கிடைத்ததை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிங்கப்பூர்ப் பக்கம் வந்தார்கள். சில வாரம் என்று நினைத்து வந்தவர்களில் பலர் பிள்ளைகளின் முகத்தை நேரில் பார்க்க ஓராண்டுக்கும் மேலானது. தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துச் சேவை 2021 நவம்பர் 29ல்தான் தொடங்கியது. சொந்த வாகனத்தில் கடக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாலம் அங்கேதான் இருந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நல்ல சாலையில் ஒரு தடத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு கார் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 1,800 கார்கள். குடிநுழைவு முகப்பில் நால்வர் உட்கார்ந்த ஒரு காரைச் சோதித்து அனுப்ப ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முகப்பில் மணிக்கு 60 கார்கள். ஒரே ஒரு தடத்தில் வரும் கார்களை நிற்காமல் விழுங்க 30 முகப்புகள் வேண்டும். மூன்று தடச் சாலைக்கு 90. எதிர்க்கரையில் இன்னொரு நாட்டின் சோதனை இருப்பதால் அங்கேயும் 90. கடலுக்கு அடியில் பத்துத் தடத்தில் சுரங்கம் போட்டாலும், கரையேறிய இடத்தில் முகப்புகள் குறைந்தால் அந்தச் சுரங்கம் என்ன ஆகும்? காத்திருக்கும் இடம் பாலத்தின் மேலிருந்து கடலுக்கு அடிக்கு மாறும். புகையும் விசிறிச் சத்தமும் கூடுதல்.

கடற்பாலத்தில் வாகனம் நகராத நாளில் பேருந்தைவிட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். சாலைச் சுரங்கத்தில் நடக்க விடமாட்டார்கள். எரியெண்ணெய், ரசாயனம் ஏற்றிய லாரிகளைச் சுரங்கத்துக்குள் விடவும் பல நாடுகள் தயங்குகின்றன. விடியற்காலையில் சாரைசாரையாக வரும் மோட்டார்சைக்கிள்களை நினைத்துப் பார்த்தால், மூடிய குழாய்க்குள் அவர்கள் புகையோடு நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இத்தோடு சரிவும் ஒரு சிக்கல். நீரிணையின் தரைக்கு அடியில் போக வேண்டிய சாலை, கடற்கரையில் நின்று செங்குத்தாக இறங்க முடியாது. 100 மீட்டருக்கு 4 மீட்டர் என்ற சரிவில் 30 மீட்டர் இறங்க வேண்டுமானால் 750 மீட்டர் தூரம் வேண்டும். அதாவது சுரங்கத்தின் வாய் கரையிலிருந்து உள்ளே தள்ளித் திறக்கும். ஒரு பக்கம் உட்லண்ட்ஸின் வீவக புளோக்குகள், மறுபக்கம் ஜோகூர் பாருவின் நகர மையம்.

இந்தத் தூரக் கணக்கு மேலே ஏறுவதற்கும் பொருந்தும். கடற்பாலத்தின் தன் பாதியை இடித்துவிட்டு, அடியில் படகும் நீரும் போகும்படி உயரப் பாலம் கட்ட வேண்டும் என்று டாக்டர் மகாதீரின் காலத்தில் மலேசியா முனைந்தது. சிங்கப்பூர்ப் பாதி தாழ்வாகவே இருக்கும் என்றால், மலேசியப் பாதிக்குள்ளேயே உயரம் ஏறி இறங்க வேண்டும். நேராகப் போனால் அதற்குத் தூரம் போதாது. எனவே பாலத்தை வளைத்து நீட்டினார்கள். 'கோணல் பாலம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். கணக்கு என்னவோ சரியானது. 2006 ஏப்ரலில் பிரதமர் அப்துல்லா படாவி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

கடற்பாலம் உருவான கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1903ல் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் கரை வரை சிங்கப்பூரின் முதல் ரயில் ஓடியது. அங்கே இறங்கிப் படகில் கடக்க வேண்டும். ஜோகூர்ப் பக்கமும் ரயில் வந்த பிறகு, சரக்குப் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருகப் படகுத்துறையில் பெட்டிகள் தேங்கின. 1919ல் வேலை தொடங்கியது. புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல்லைக் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். 1,056 மீட்டர் நீளத்துக்குக் கல்லாலேயே ஒரு கரை எழுந்தது. கப்பல்களுக்காக ஜோகூர்ப் பக்கம் ஒரு நீர்ப்பூட்டும், அதன் மேல் தூக்குப் பாலமும் வைத்தார்கள். 1923ல் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28ஆம் தேதி அதிகாரபூர்வத் திறப்பு விழா. 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் வெடிவைத்து ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியை உண்டாக்கியது. ஜப்பானியர் அதைச் சில நாளில் அடைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இரு கரைகளும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்தன. கடற்பாலம் இரண்டு நாடுகளுக்கு நடுவே கட்டப்பட்டதல்ல. 1965க்குப் பிறகு அது எல்லையாயிற்று. கல் மாறவில்லை, அதன் இரு முனைகளிலும் முளைத்த முகப்புகள்தான் புதியவை. 1998 ஜனவரியில் துவாஸில் இரண்டாம் இணைப்பு திறந்தது. 1999ல் இப்போதுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வந்தது. 2008ல் ஜோகூர்ப் பக்கம் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் வந்தது. இவை மூன்றும் வந்த பிறகும் வரிசை குறையவில்லை. உட்லண்ட்ஸை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் கடக்கிறார்கள்.

முகப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு அரசாங்கங்கள் பல ஆண்டுகள் வாதிட்ட வரலாறும் உண்டு. அந்த இடம் சைனாடவுனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 1932ல் கட்டப்பட்டது. அங்கிருந்து மலாயா ரயில் ஏறித் தைப்பூசத்துக்கும் திருமணத்துக்கும் போனவர்கள் பலர் இன்றும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். 1998 ஆகஸ்ட் 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் ரயில் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தன் சோதனையை தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. விளைவு விசித்திரமானது. பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான சோதனையை முடிப்பார். அதன்பின் அரை மணி நேரம் சிங்கப்பூருக்குள்ளேயே ரயிலில் போவார். கடைசியில் உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார். போய்ச் சேர்ந்த பிறகு புறப்படும் பயணம் அது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு ஜோகூர் சுல்தான் இப்ராகிம் கடைசி ரயிலைத் தாமே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் இரு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸில் ஒரே கூரையின் கீழ் வந்தன.

அந்த ஒரே கூரை ஏற்பாடுதான் உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. புதிய ஆர்டிஎஸ் ரயில் இணைப்பின் உயிரும் அதில்தான் இருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே 4 கிலோமீட்டர். 2018 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019ல் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலை 30ஆம் தேதி, பிரதமர்கள் லீ சியன் லூங்கும் முகைதீன் யாசினும் கடற்பாலத்தின் நடுவே சந்தித்ததோடு மீண்டும் உயிர் பெற்றது. 2026 இறுதிக்குள் சேவை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றலாம். பயணம் ஏறத்தாழ 5 நிமிடம்.

சுரங்கம் கேட்பவர்களுக்கு இதில் ஒரு பாதி ஆறுதல் உண்டு. சிங்கப்பூர்ப் பக்கம் ஆர்டிஎஸ் நிலையம் நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. ரயில் சுரங்கத்தில் புறப்படும். ஆனால் கடலை நெருங்கும்போது கீழே இறங்காமல் மேலே ஏறி, 25 மீட்டர் உயரப் பாலத்தில் நீரிணையைக் கடக்கும். பயணிக்கு மேலா கீழா என்பது பெரிய வேறுபாடு அல்ல. ஏறும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளையும் தாண்டிவிடுகிறார். இறங்கும் இடத்தில் இன்னொரு வரிசை கிடையாது. நேரம் மிச்சமாவது அங்கேதான்.

பிற நாடுகளிலும் இதே அனுபவம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஒரெசுண்ட் இணைப்பு 2000 ஜூலை 1ல் திறந்தது. பாலத்தில் தொடங்கி, நடுக்கடலில் செயற்கைத் தீவு ஒன்றில் இறங்கி, அங்கிருந்து 4 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கத்தில் போகும் சாலையும் ரயில் பாதையும் அது. விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால் அங்கே உயரப் பாலம் கட்ட முடியவில்லை, அதனால் சுரங்கம். வடஐரோப்பிய நாடுகளுக்குள் கடப்பிதழ் சோதனை இல்லாததால் மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் வேலை பார்ப்பது சாதாரணமாயிற்று. 2016 ஜனவரி 4ஆம் தேதி, அகதிகள் வருகையை ஒட்டி சுவீடன் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து பயண நேரம் நீண்டது, பயணிகள் முணுமுணுத்தார்கள், சிலர் வேலையை மாற்றிக்கொள்ள யோசித்தார்கள். கடலடியில் ஒரு கல்கூட நகரவில்லை. ஹாங்காங்-ஜுஹாய்-மக்காவ் பாலத்தைக் கட்டிய சீனா 6.7 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கத்துக்குக் காட்டிய கவனத்தை முகப்புக்கும் காட்டியது. ஜுஹாய்க்கும் மக்காவுக்கும் இடையே இரு தரப்பு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதித்து ஒரே முறையில் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான நீரிணை பாக் நீரிணை. 1914 முதல் போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறி தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோனது. தோட்ட வேலைக்குப் போன கூலித் தொழிலாளிக்குக் கடல் பெரிய தடையாக இருக்கவில்லை. அவர் நாள்கணக்கில் காத்துக்கிடந்தது மண்டபம் முகாமில், நோய்த்தடுப்புச் சோதனைக்காக. 2015 டிசம்பரில் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி, ராமேஸ்வரத்தையும் இலங்கையையும் பாலமும் கடலடிச் சுரங்கமுமாக இணைப்பது பற்றிப் பேசினார். இலங்கைத் தரப்பில் ஆர்வம் எழவில்லை. திட்டம் பேச்சோடு நிற்கிறது.

மீண்டும் உட்லண்ட்ஸுக்கு வருவோம். 2024 மார்ச் 19 முதல் காரில் போகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். நால்வர் இருக்கும் காருக்கு ஏறத்தாழ 20 விநாடி மிச்சமாகிறது என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் கூறியது. 20 விநாடி ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு காருக்கு 60 விநாடி 40ஆகக் குறைந்தால், ஒரு முகப்பில் மணிக்கு 60 கார் போன இடத்தில் 90 போகும். ஒரு தடத்துக்கு 30 முகப்புகள் தேவைப்பட்ட இடத்தில் 20 போதும். பத்து முகப்புகளைக் கட்ட நிலம் தேடி, ஆள் தேடி அலைய வேண்டிய வேலையை ஒரு கைப்பேசித் திரை செய்துவிடுகிறது. இதற்கு ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லை.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியையும் பல கட்டங்களாக விரிவாக்கப்போகிறார்கள். இப்போதுள்ளதைப் போல ஐந்து மடங்கு பெரிதாகும். நெரிசல் நேரத்தில் ஒரு கார் கடக்கும் நேரத்தை ஒரு மணியிலிருந்து 15 நிமிடமாகக் குறைப்பது இலக்கு. அதற்கு இடம் வேண்டும் என்பதால் பக்கத்தில் சில அடுக்குமாடி வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. பல்லாண்டு காலம் அங்கே குடியிருந்த முதியவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கும். நடந்து போய்த் தேநீர் குடித்த கடையும் பழகிய அக்கம்பக்கமும் அதோடு கூடவே வராது. சுரங்கமே போட்டிருந்தாலும், அதன் வாயில் வைக்க வேண்டிய முகப்புகளுக்கு இதே நிலம் தேவைப்பட்டிருக்கும்.

ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கினால் சைனாடவுன் உணவுக்கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் ஜோகூர்வாசிகள் புக்கிட் சாகாரில் ஏறி, உட்லண்ட்ஸ் நார்த்தில் ஒரே ஒரு முறை மாறி, மேக்ஸ்வெல்லில் இறங்கலாம். எல்லாருக்கும் அது பொருந்தாது. நள்ளிரவுக்குப் பிறகு வேலை முடிகிற பாதுகாவலருக்கும், ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்கும் மோட்டார்சைக்கிள்தான் கால். கோழியும் காய்கறியும் கீரையும் லாரியில்தான் வரும். சிங்கப்பூர்க் கார்க்காரர்கள் முக்கால் தொட்டி பெட்ரோலோடு மலிவு விலைக் கடைகளைத் தேடி வார இறுதியில் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். இவர்களில் பலர் 1924ல் திறந்த அந்தக் கருங்கல் கரையின் மேல்தான் போக வேண்டும். ரயிலுக்கு மாறுகிறவர்கள் விட்டுச்செல்லும் இடம் அவர்களுக்குக் கிடைக்குமா, அல்லது அந்த இடத்தைப் புதிய கார்கள் நிரப்பிவிடுமா என்பது ரயில் ஓடிச் சில மாதங்கள் ஆன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.